ஒரு வெள்ளியும் ஒரு பல்கலைக்கழகமும்



கணேஷ்கிண்டில் நம் பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகை நிற்கிறது. அதன் கோபுரத்தை ஒரு முறையாவது அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. முதல் நாள் சேர்க்கைத் தாள்களோடு அலையும்போது பார்த்திருப்போம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அதன் முன்னே நிறுத்திப் படமும் எடுத்திருப்போம். ஆனால் இந்தக் கட்டடத்துக்குப் பணம் தந்தவர் யார் என்று கேட்டுப் பார்த்தோமா? நானும் நெடுநாள் கேட்கவில்லை. இந்த ஆண்டு உதவித்தொகை எட்டு மாதம் தாமதமாக வந்தது. மெஸ் கணக்கைக் கட்ட முடியாமல் திண்டாடிய அந்த நாட்களில்தான், "பல்கலைக்கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வி எனக்குள் பிறந்தது. பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்குப் பசி வந்தபோது பதினொன்றாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது.

அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றேன். அது என்னைப் புனேயிலிருந்து சிங்கப்பூருக்கும், சிங்கப்பூரிலிருந்து என் தாத்தாவின் திண்ணைக்கும் அழைத்துச் சென்றது. அந்த வழியை உங்களுக்கும் காட்ட விரும்புகிறேன்.

மாளிகையின் கதை

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கியது 1864-இல். பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியர் தமக்கு மழைக்கால உறைவிடம் வேண்டுமென்று எழுப்பியது இது. அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போகவில்லை; ஆகவே இந்தியப் பஞ்சின் விலை வானத்துக்கு ஏறிற்று. பம்பாயில் பணம் புரண்டது. அந்த மிதப்பில்தான் இந்த மாளிகைக்குக் கால்கோள் இட்டார்கள். 1865-இல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது, வணிகர்கள் வீழ்ந்தார்கள். மாளிகை வேலை மட்டும் நிற்கவில்லை. 1871-இல் முடிந்தபோது செலவு ஏறத்தாழ 1,75,000 பவுனைத் தொட்டிருந்தது. பம்பாய் ஆளுநர்களின் ஊதாரித்தனத்துக்கு இது ஒரு சான்று என்று இலண்டன் நாடாளுமன்றத்திலேயே குறை கூறினார்கள்.

1897 ஜூன் 22 அன்று விக்டோரியா அரசியின் வைர விழா விருந்து இதே மாளிகையில் நடந்தது. விருந்து முடிந்து திரும்பிய ராண்ட் என்ற அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டது இந்தக் கணேஷ்கிண்டு சாலையில்தான். பிளேக் நோய்க் காலத்தில் மக்களை வாட்டிய நிர்வாகத்தின் மீது எழுந்த கோபம் அது.

நாடு விடுதலை பெற்றது. 1949 பிப்ரவரி 10-ஆம் நாள் புனே பல்கலைக்கழகம் பிறந்தது. டாக்டர் எம். ஆர். ஜெயகர் முதல் துணைவேந்தர். தொடக்கத்தில் அலுவலகத்துக்கு இடமில்லை. பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தின் நிஜாம் விருந்தினர் விடுதியில் ஒண்டிக் குடித்தனம். பி. ஜி. கேர் தலைமையில் இருந்த பம்பாய் அரசு ஆளுநர் மாளிகையையும் சுற்றியிருந்த 411 ஏக்கர் நிலத்தையும் பல்கலைக்கழகத்துக்குத் தந்தது. ஆளுநர்கள் நடனமாடிய கூடத்தில் அறிவு குடியேறியது. இன்று அது சாவித்திரிபாய் புலே பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் மாறியது 2014-இல்.

நல்ல கதைதான். ஆனால் மாளிகை கிடைத்துவிட்டால் பல்கலைக்கழகம் வந்துவிடுமா?

கட்டும் பணமும் நடத்தும் பணமும்

இளங்கலை படித்த கல்லூரியில் எங்கள் இயற்பியல் சோதனைக் கூடத்தில் ஓர் அழகான நிறமாலைமானி இருந்தது. யாரோ ஒரு வள்ளல் வாங்கித் தந்தது. பித்தளைத் தகட்டில் பெயர்கூடப் பொறித்திருந்தது. அதோடு வைக்க வேண்டிய சோடியம் விளக்கு ஒரு நாள் எரிந்து போயிற்று. புது விளக்கு வாங்க அந்த ஆண்டுக் கணக்கில் பணம் இல்லை. மாதக்கணக்கில் அந்தக் கருவி துணி போர்த்திக் கிடந்தது. சரசுவதி பூசையன்று மட்டும் அதைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கருவி இருந்தது, வள்ளலின் பெயர் இருந்தது, பக்தியும் இருந்தது. ஒளி மட்டும் இல்லை!

பல்கலைக்கழகத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு விளக்கில் அடங்கியிருக்கிறது. கட்டும் பணம் வேறு, நடத்தும் பணம் வேறு. கட்டும் பணம் ஒரு முறை கொடுத்தால் போதும். கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கும். ஆகவே அதைத் தர ஆள் உண்டு. நடத்தும் பணமோ ஆண்டுதோறும் வேண்டும். ஆசிரியர் சம்பளம், நூலகத்துக்கு வரும் ஆய்விதழ்கள், வேதிப் பொருள்கள், கூரை ஒழுகினால் ஓடு, ஏழை மாணவனின் உதவித்தொகை எல்லாம் இதில் அடங்கும். சோடியம் விளக்கில் யார் பெயரைப் பொறிப்பது? ஆகவே இதைத் தர ஆள் குறைவு.

இதற்குப் பழங்காலத்தார் கண்ட வழி அறக்கட்டளை. ஒரு பெருந்தொகையை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுச் செலவை நடத்துவது. கோயில் விளக்குக்கு ஆடும் மாடும் நிலமும் எழுதி வைத்த நம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஆனால் இதற்கும் ஒரு பகை உண்டு, அது விலையேற்றம். வட்டி அப்படியே நிற்க, எண்ணெய் விலை இரண்டு மடங்கானால் விளக்குப் பாதி நேரம்தான் எரியும். விலையேற்றத்தை மிக விரைவாகக் கொண்டுவருவது எது? போர்!

போர் ஒரு பல்கலைக்கழகத்தைத் தாக்கும்போது என்ன ஆகும் என்பதை இப்போது பார்ப்போம்.

சிங்கப்பூரில் நடந்தது

நம்மவர் நெடுங்காலமாக வாழும் மலாயாவையும் சிங்கப்பூரையும் எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1905-இல். அதை ஆங்கில அரசு தானாகத் தரவில்லை. டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகரின் தலைமையில் அங்கு வாழ்ந்த ஆசிய மக்கள் விண்ணப்பம் போட்டார்கள். "முதலில் நீங்கள் பணம் திரட்டிக் காட்டுங்கள்" என்றது அரசு. அவர்கள் 87,077 வெள்ளி திரட்டிக் காட்டினார்கள். (மலாயாத் தமிழர் டாலரை வெள்ளி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) அந்தப் பள்ளிதான் பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கலையும் அறிவியலும் கற்பிக்க ராஃபிள்ஸ் கல்லூரி 1928-இல் வகுப்புகளைத் தொடங்கியது. அதற்கும் ஓயி தியோங் ஹாம், மனாசே மேயர் போன்ற செல்வர்கள் ஆளுக்கு 1,50,000 வெள்ளி தந்தார்கள். இரண்டு கல்லூரிகளையும் இணைத்துப் பல்கலைக்கழகம் ஆக்கலாமா என்று 1938-இல் ஒரு குழு வந்து பார்த்தது. "இன்னும் காலம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

காலத்துக்கு முன்னே போர் வந்தது. 1942 பிப்ரவரி 14-ஆம் நாள் மருத்துவ மாணவர் ஒருவர் குண்டடிபட்டு இறந்தார். அவரைப் புதைக்கக் கூடிய தோழர்கள் மீதும் குண்டுகள் விழுந்தன. அவர்களில் பலர் அங்கேயே மாண்டார்கள். மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆங்கிலேய ஆசிரியர்கள் சிறைமுகாம்களுக்குப் போனார்கள். கல்லூரிக் கட்டடங்கள் ராணுவத்தின் கைக்குப் போயின. மூன்றரை ஆண்டு கழித்து ஜப்பான் சரணடைந்தபோது, வாழைமரப் படம் போட்ட அதன் பணத்தாள்கள் வெறும் தாள்களாயின. மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தவன்கூட ஒரே நாளில் ஏழையானான்.

ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் கதையும் இத்தகையதே. அதன் முதல் கட்டடத்துக்கு 1,50,000 ஹாங்காங் டாலர் தந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர், பம்பாயில் பிறந்த பார்சி வணிகர் ஹோர்முஸ்ஜி மோடி. 1910-இல் அடிக்கல் நாட்டினார்கள். போரின் இறுதியில் அந்தக் கட்டடத்தின் பெருங்கூடத்துக்குக் கூரை இல்லை. கதவு, சன்னல், தரைப்பலகை எல்லாவற்றையும் விறகுக்காகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பம்பாய்ச் செல்வரின் பணம் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பெரித்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குளிரும் பசியும் எவரையும் அப்படிச் செய்ய வைக்கும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூரையை மீண்டும் போட்டுவிடலாம். ஆனால் மூன்றரை ஆண்டு படிக்காத மாணவர், சிறையில் நலிந்து திரும்பிய ஆசிரியர், சிதறிப்போன புத்தகங்கள், பல மடங்கு ஏறிவிட்ட விலைவாசி ஆகியவற்றையும் சரிசெய்தால்தான் பல்கலைக்கழகம் மீண்டு எழும். போருக்கு முன் போதுமானதாக இருந்த அறக்கட்டளை வட்டி, போருக்குப் பின் எந்த மூலைக்கு?

இலண்டன் தந்த பணம் யாருடையது?

1945-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தன் ஆட்சியில் இருந்த நாடுகளின் வளர்ச்சிக்கும் நலனுக்கும் பத்தாண்டுகளில் 12 கோடி பவுன் தருவது என்பது அதன் சாரம். அதில் ஒரு பங்கு உயர்கல்விக்கு. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் 1948-இல் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இந்த நிதி உதவியது. அவற்றின் மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெற்றார்கள். மலாயா மட்டும் இதில் வேறுபட்டது. 1947-இல் கார்-சாண்டர்ஸ் தலைமையில் வந்த குழு, மலாயாவுக்கு முழுப் பல்கலைக்கழகமே தரலாம் என்று பரிந்துரைத்தது. 1949 அக்டோபர் 8-ஆம் நாள் இரண்டு கல்லூரிகளும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. நம் புனே பல்கலைக்கழகத்துக்கு அது எட்டு மாதம் இளைய தம்பி!

பணம் மூன்று வழிகளில் வந்தது. கட்டும் பணத்தில் ஒரு பங்கை இலண்டன் தன் வளர்ச்சி நிதியிலிருந்து தந்தது. நடத்தும் பணத்தைச் சிங்கப்பூர் அரசும் மலாயாக் கூட்டரசும் பகிர்ந்துகொண்டன. பொதுமக்களும் நன்கொடை தந்தார்கள்.

இலண்டன் தந்ததைக் கொடை என்றே எழுதுவது வழக்கம். கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்காவிலிருந்து உணவும் இயந்திரமும் வாங்க அதற்கு அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அந்த டாலரைப் பவுன் வட்டாரத்துக்கு வேறு எந்தக் குடியேற்ற நாட்டையும்விட அதிகமாகச் சம்பாதித்துத் தந்தது மலாயா. அதன் ரப்பரையும் ஈயத்தையும் அமெரிக்கர்கள் வாங்கினார்கள். டாலர் இலண்டனில் போய்ச் சேர்ந்தது. 1950-இல் கொரியாப் போர் மூண்டதும் ரப்பர் விலை இன்னும் ஏறிற்று. அந்த ரப்பர் மரத்தில் விடியுமுன் கோடு போட்டுப் பால் இறக்கியவர்கள் யார்? பெரும்பாலும் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறிப் போன நம்மவர்கள். இலண்டன் கொடையாகத் தந்ததில் ஒரு பகுதி, கடல் கடந்து போன அந்த உழைப்பின் விலைதான். அது சுற்றி வளைத்துத் திரும்பி வந்தது. அதுவும் முழுவதும் வரவில்லை.

பணம் தருபவரும் பாடம் வகுப்பவரும்

இனி அடுத்த கேள்விக்கு வருவோம். பணம் தருபவர் என்ன படிக்க வேண்டும் என்றும் சொல்வாரா?

சொல்வார் என்பதுதான் உலக நடைமுறை. அதைத் தடுக்கவே பிரிட்டன் 1919-இல் ஒரு வழி கண்டது. அரசு நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்காது. நடுவில் அறிஞர்கள் கொண்ட ஒரு குழு இருக்கும். அரசு பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு தொகையை அந்தக் குழுவிடம் தரும். குழு அதைப் பங்கிடும். பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி செலவிடும். இந்தியாவிலும் 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழுவை மௌலானா ஆசாத் தொடங்கி வைத்தார். 1956-இல் அதற்குச் சட்டம் வந்தது. நடுவில் ஒரு குழு இருந்தால் கயிறு கொஞ்சம் தளரும் என்பதுதான் கருத்து. தளர்ந்ததா இறுகியதா என்பதை அந்தந்தக் காலமே சொல்ல வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை ஒன்று அமைக்கும் பேச்சு 1950-களின் முற்பகுதியில் எழுந்தது. ஆலோசனை கேட்கப்பட்டவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். சோழர் வரலாற்றை உலகுக்கு எழுதிக் காட்டிய அந்தப் பேரறிஞரின் புலமையை யாரும் ஐயுற்றதில்லை. அவர் வடமொழிக்கு முதன்மை தரலாம் என்று கருதினார். இந்திய நாகரிகம் முழுவதையும் கற்பிக்க வேண்டுமானால் அதுவே பொதுவான வாயில் என்பது அந்தக் கருத்துக்கு அடிப்படை. மலாயாத் தமிழருக்கோ வேறு நியாயம் இருந்தது. அங்கே வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வாழும் நாட்டின் பல்கலைக்கழகத்தில் அவர்கள் பேசும் மொழிக்கு இரண்டாம் இடமா?

"தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தார். திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் சென்றவர். 1935-இல் அந்த இதழைத் தொடங்கியவர். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. பணம் இல்லாத கோரிக்கை காற்றோடு போகும் என்பதை அறிந்தவர் அவர். "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி ஒன்று திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைய அந்த நிதி. வணிகர்களிடம் மட்டும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரிடமும் கேட்டார். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வந்து சேர்ந்தது.

1956-இல் இந்தியவியல் துறை தொடங்கியபோது தமிழே அதன் நடுநாயகமாக அமைந்தது. 1959-இல் துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961-இல் தனிநாயக அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அதே கோலாலம்பூரில் நடந்தது. தோட்டத்து ஒற்றை வெள்ளிக்கும் உலக மாநாட்டுக்கும் இடையே பத்தாண்டு தூரம்கூட அதிகம் இல்லை.

அதே காலத்தில் சிங்கப்பூர்ச் சீனர்கள் தம் மொழியில் நன்யாங் பல்கலைக்கழகம் எழுப்பினார்கள். டான் லார்க் சை என்ற ரப்பர் வணிகர் 50 இலட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஆனால் இன்றும் மக்கள் நினைவில் நிற்பது அந்த 50 இலட்சமன்று. 1954-இல் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டியவர்கள் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்களே, அதுதான்.

தாத்தா சொன்னது

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தான். என் தாத்தா பிறந்தது பேராக் மாநிலத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில். லயத்து வீடு, விடியலில் பெரட்டு, கங்காணியின் குரல், கிராணியின் கணக்கு என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவருடைய பெரியப்பா சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்; திரும்பவில்லை. பல்லாயிரம் தமிழர் அப்படித் திரும்பவில்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபோது, தாத்தாவின் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது.

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் இந்த நிதியைப் பற்றிக் கேட்டேன். வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "கொடுத்தோமே! எங்க அப்பா ஒரு வெள்ளி கொடுத்தாரு. எனக்குப் பதினாறு வயசு அப்போ. அம்மா சண்டை போட்டாங்க, வீட்டுல அரிசி இல்லைன்னு."

"அந்தப் பல்கலைக்கழகத்தில் நம் வீட்டில் யாராவது படித்தார்களா, தாத்தா?"

"நம்ம வீட்டுலயா? தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாவதோட சரி. அதுக்கு மேல இங்கிலீசு படிக்கணும், டவுனுக்குப் போகணும். எங்கே போறது?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. படிக்க வழியில்லாத ஒரு மனிதர், தம் பிள்ளையும் நுழைய முடியாத ஒரு நூலகத்துக்கு, அரிசி வாங்க வைத்திருந்த வெள்ளியைக் கொடுத்திருக்கிறார். இது பெருமையா, அநியாயமா? இரண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நாட்டின் டாலரையே அவர் கை சம்பாதித்துக் கொடுத்தது. ஆகவே அவர் ஏற்கெனவே ஒரு முறை கொடுத்துவிட்டார், கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை அவர் தாமாகக் கொடுத்தார். முதல் முறை கொடுத்ததற்குப் பட்டியல் இல்லை. இரண்டாம் முறை கொடுத்ததற்கு ஒரு துறை எழுந்தது.

"பின் ஏன் கொடுத்தார்?" என்று கேட்டேன். தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. "எல்லாரும் கொடுத்தாங்க. நம்ம பேரும் இருக்கணும்னு நினைச்சாரு" என்றார். அவ்வளவுதான். அவர் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; கைநாட்டுத்தான்.

புனே நமக்குச் சொல்வது

இந்தப் புனே நகரமும் இதையேதான் சொல்கிறது. நாம் நாள்தோறும் பேருந்தில் போகும் கர்வே சாலை யாருடைய பெயர்? தோண்டோ கேசவ கர்வே பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை 1916-இல் இங்கே தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று சிறு சிறு தொகையாகச் சேர்த்தார். 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 இலட்சம் ரூபாய் தர முன்வந்தார். பல்கலைக்கழகம் அவர் அன்னையின் பெயரைத் தாங்கியது. பெரும் பணம் வந்தது, பெயரும் வந்தது, அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகள் அந்த விளக்கை அணையாமல் காத்தவை பெயரில்லாத சிறு காசுகள். ஃபெர்கூசன் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோகலே போன்றவர்கள் மிகச் சிறிய ஊதியத்தில் 20 ஆண்டு பணியாற்ற உறுதி எடுத்தார்களே, அதுவும் நடத்தும் பணம்தான். அவர்கள் கொடுத்தது காசாக அல்ல, வாழ்நாளாக.

நம் நாட்டிலும் வள்ளல்கள் உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பினார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 15 இலட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் தந்தார்; 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அவர்களை வணங்குவோம். ஆனால் வள்ளலுக்காகக் காத்திருப்பது மழைக்காகக் காத்திருப்பது போன்றது. மழை பெய்யும்போது ஏரி நிறையும். ஏரியின் கரையைக் காப்பவர் ஊரார்தாம்.

ஆகவே நான் கண்ட முடிவு இதுதான். பல்கலைக்கழகத்தைத் தாங்க மூன்று தோள் வேண்டும். முதல் தோள் அரசு. ஆண்டுச் செலவு முழுவதையும் வேறு எவராலும் சுமக்க முடியாது. அரசு அதைக் காலத்தில் தர வேண்டும். எட்டு மாதம் கழித்து வரும் உதவித்தொகை கணக்கில் வரவு. மாணவன் வயிற்றில் அது வரவல்ல. என்னோடு சேர்ந்த ஒரு நண்பன் அந்த எட்டு மாதம் தாங்க முடியாமல் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய தொகையும் பிறகு வந்தது. வாங்க அவன் இல்லை. இரண்டாவது தோள் செல்வர். மூன்றாவது தோள் நம்மைப் போன்றவர். மூன்றாவது தோளின் பங்கு தொகையில் மிகச் சிறிது. ஆனால் "இது எங்கள் வீடு, இங்கே எங்கள் மொழிக்கும் இடம் வேண்டும்" என்று சொல்லும் உரிமை அந்தத் தோளுக்குத்தான் கிடைக்கிறது.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். நமக்கென்று ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் படித்து முடித்துப் போனவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த இரும்பு அலமாரி, அருமையானது. அதற்குள் புத்தகங்கள் அரையும் குறையுமாக இருக்கின்றன. பல அட்டை கிழிந்து கிடக்கின்றன. கட்டும் பணம் கிடைத்துவிட்டது, நடத்தும் பணம் இல்லை! எங்கள் கல்லூரி நிறமாலைமானியின் கதைதான் இங்கும். இன்னொரு பெரிய அலமாரி வாங்க நன்கொடை கேட்கலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்பது என் கருத்து. ஆளுக்கு மாதம் 20 ரூபாய் போடுவோம். ஒரு தேநீர்க் காசு. அதில் கிழிந்ததைத் தைப்போம். திங்களுக்கு ஒரு புது நூல் வாங்குவோம். நாம் போன பிறகும் இது நடக்க ஒரு கணக்குப் புத்தகம் வைப்போம். உதவித்தொகை வராமல் திண்டாடும் தோழனுக்கு அந்தக் கணக்கிலிருந்தே ஒரு மாத மெஸ் பணம் கைமாற்றாகத் தருவோம்.

நம்மில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டில் இந்த ஊரை விட்டுப் போய்விடுவோம். அந்த அலமாரியிலிருந்து நூல் எடுத்துப் படிக்கப் போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. என் தாத்தாவின் அப்பாவுக்கும் தெரியாது. தெரியாமலேதான் அவர் கைநாட்டு வைத்து ஒரு வெள்ளி கொடுத்தார்.

வரும் ஞாயிறு கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு வருகிறேன். முதல் 20 ரூபாய் என்னுடையது. உதவித்தொகைதான் வந்துவிட்டதே!